முதுகுக்குப் பின்னால் ஆட்டம், முகத்துக்கு நேரே பாட்டு

லண்டனில் ஒரு கால்பந்து மைதானத்தில் மூன்று பருவங்கள் வேலை பார்த்தேன். அந்த மூன்று பருவங்களிலும் ஒரு கோலைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. அந்த வேலைக்கு அங்கே ஸ்டூவர்டு என்று பெயர். மஞ்சள் கோட்டும் தோளில் ஒரு வாக்கி டாக்கியும் கொடுப்பார்கள். ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, ரசிகர்களின் முகங்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். கோல் விழப்போகிறது என்பதை எதிரே இருக்கும் ஆயிரம் பேரும் இருக்கையை விட்டு எழுவதிலிருந்து தெரிந்துகொள்வேன்.

2021 செப்டம்பரில் முதுநிலைப் படிப்புக்காக மதுரையிலிருந்து போனவன் நான். வாடகைக்குப் பணம் வேண்டியிருந்ததால் வார இறுதி வேலையாக இதைப் பிடித்துக்கொண்டேன். பயிற்சியில் நெரிசலைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோன நாடு அது. அந்தக் கவனம் நியாயமானது. பாட்டுகளைப் பற்றிய பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இனவெறிப் பாட்டு கேட்டால் உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள் என்றார்கள். எது இனவெறிப் பாட்டு என்பதை அவரவர் காது முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அங்கே பாட்டு ஓயாது. எதிரணி வீரரின் தொப்பை, வழுக்கை, விவாகரத்து, அவர் தவறவிட்ட பெனால்டி என்று எல்லாவற்றுக்கும் ஒரு மெட்டு இருக்கும். ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் பாட்டுக் கட்டி, அடுத்த கால் மணி நேரத்துக்குள் கேலரி முழுவதையும் பாட வைத்துவிடுவார்கள். கெட்ட வார்த்தை இல்லாத பாட்டு குறைவு. முதல் மாதம் கூசினேன். பிறகு பழகிவிட்டது. சொல்லப்போனால் எனக்கு அந்தப் பாட்டுகள் பிடித்தே இருந்தன. முன்பின் தெரியாத பத்தாயிரம் பேர் ஒரே மூச்சில் பாடுவதை முகத்துக்கு நேராக நின்று கேட்டவனுக்குத்தான் அதன் வலிமை தெரியும்.

என் பகுதியில் பன்னிரண்டாம் வரிசையின் ஓரத்து இருக்கை, எழுபது வயதைக் கடந்த ஒருவருடையது. பேரனோடு வருவார். கை விறைக்கும் குளிரில் சட்டைப்பையிலிருந்து புதினா மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். என் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டவர் அந்த மைதானத்தில் அவர் ஒருவர்தான். அவரைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பருவத்தின் குளிர்காலத்தில் ஒரு நாள், எதிரணியில் கிழக்காசிய வீரர் ஒருவர் ஆடினார். நன்றாக ஆடினார், அதுதான் தொடக்கம். பந்து அவர் காலுக்கு வந்தபோது என் பகுதியில் ஒரு பாட்டு கிளம்பியது. அவர் நாய்க்கறி தின்பவர் என்பது அதன் சாரம். மெட்டு எல்லோருக்கும் தெரிந்தது. ஏழெட்டு வரிசைகள் சிரித்துக்கொண்டே பாடின. எட்டாம் வரிசையில் ஒரு தந்தையும் மகளும் இருந்தார்கள். அவர்களும் கிழக்காசிய முகம் கொண்டவர்கள். கழுத்தில் எங்கள் அணியின் துண்டு. அந்தச் சிறுமி மெட்டுக்கு ஏற்பக் கைதட்டிக்கொண்டிருந்தாள். சொற்கள் காதில் விழுந்த இடத்தில் கை நின்றது. அவள் தந்தையைப் பார்த்தாள். அவர் ஆடுகளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் வாக்கி டாக்கியை எடுக்கவில்லை. இது அந்த ரகமா, இந்த ரகமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே பாட்டு முடிந்துவிட்டது. ஆட்டம் முடிந்தபின் படிவம் நிரப்பும்போது மேற்பார்வையாளரிடம் சொன்னேன். நிறத்தையோ இனத்தையோ குறிக்கும் சொல் ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ‘ஆபாசக் கோஷம்’ என்று போட்டுவிடு என்றார். போட்டேன். அந்தப் பாட்டில் ஆபாசம் என்று சொல்ல ஒரு சொல்கூட இல்லை என்பது கையெழுத்திட்ட பிறகுதான் உறைத்தது.

எங்களோடு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வேலை செய்தார். இருபது வருடங்களாக மைதானங்களில் நிற்பவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். அன்றிரவு பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன்.

“தம்பி, நீ அந்தப் பாட்டில் கெட்ட சொல்லைத் தேடியிருக்கிறாய். அடபயோர் மேல் இரண்டு பாட்டுகள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்” என்றார்.

டோகோ நாட்டு வீரர் எம்மானுவேல் அடபயோர் ஆர்சனலிலும், பிறகு மான்செஸ்டர் சிட்டியிலும், பிறகு டோட்டனமிலும் ஆடியவர். அவருடைய தந்தை யானை குளிப்பாட்டுகிறவர், தாய் விலைமகள் என்று எதிரணி ரசிகர்கள் அவர் மேல் ஒரு பாட்டுக் கட்டினார்கள். 2009 செப்டம்பரில் தன் பழைய அணியான ஆர்சனலுக்கு எதிராகக் கோல் அடித்ததும், மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து ஆர்சனல் ரசிகர்கள் முன் முழங்காலில் சறுக்கி நின்றாரே, அதற்குப் பின்னால் அந்தப் பாட்டு இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 2010 ஜனவரியில் அங்கோலாவின் கபிண்டாவில் டோகோ அணியின் பஸ்ஸைத் தீவிரவாதிகள் சுட்டார்கள். அணியைச் சேர்ந்தவர்கள் உயிரிழந்தார்கள். அடபயோரும் அந்தப் பஸ்ஸில் இருந்தார். அதற்குப் பிறகு இரண்டாவது பாட்டு பிறந்தது: செத்திருக்க வேண்டியவன் நீதான் என்று.

எது கொடியது? இரண்டாவதுதான்; அதைப் பாடிய வாய்களை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது. எது இனவெறி? முதலாவது. இரண்டாவது பாட்டு ஒரு தனி மனிதரின் மேல் விழுகிறது. அதை வேறு எவர் மேலும் பாட முடியாது. யானைப் பாட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எந்த வீரர் மேலும் பாடலாம். முதலில் கேட்டபோது அதிலுள்ள அவமதிப்பே எனக்குப் புரியவில்லை. மீனாட்சியம்மன் கோவில் யானை பார்வதியைப் பார்க்கத் தெருவே கூடும் ஊர் என்னுடையது. யானையைக் குளிப்பாட்டுவதில் என்ன இழிவு? யானையில் இழிவு இல்லைதான். ஆப்பிரிக்கன் என்றால் காட்டிலிருந்து வந்தவனாகத்தான் இருப்பான் என்ற நினைப்பில் இருக்கிறது.

பார்க் ஜி-சங்கின் கதையை நான் அதற்கு முன்பே கேட்டிருந்தேன். ஆனால் அந்த இரவுக்குப் பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. தென்கொரியரான பார்க் 2005 முதல் 2012 வரை மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓயாத கால்கள். ரசிகர்கள் அவரை நேசித்தார்கள். அந்த நேசத்தில்தான் அவருக்கு ஒரு பாட்டுக் கட்டினார்கள்: உன் நாட்டில் நாய் தின்பார்கள், ஆனாலும் நீ லிவர்பூல்காரனாக இல்லையே, அவன் எலி தின்பவன் என்று. எதிரி ஊரைக் குத்துவதற்குச் சொந்த வீரரின் நாட்டைக் கத்தியாக எடுத்தார்கள். பார்க் பொறுத்துக்கொண்டார்.

2021 ஆகஸ்ட் 29 அன்று உல்வர்ஹாம்ப்டனின் மோலினியூ மைதானத்தில், ஹ்வாங் ஹீ-சான் என்ற இன்னொரு தென்கொரியரைப் புதிய வீரராக அறிமுகப்படுத்தினார்கள். எதிரணியாக வந்திருந்தது யுனைடெட். அதன் ரசிகர்களில் ஒரு பகுதியினர் பார்க்கின் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். பார்க் ஆட்டத்தை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடையில் நிற்பவர் அவர் இல்லை. ஹ்வாங்கின் ஆட்டத்தைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ அங்கே எவருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: இவரும் அந்த நாட்டுக்காரர். அக்டோபரில் யுனைடெட்டின் பாட்காஸ்டில் பேசிய பார்க், இனி அந்த வரியைப் பாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தன் காலத்தில் அதைத் தாங்கிக்கொண்டதால்தான் இளையவர்களும் தாங்க வேண்டியிருக்கிறது என்று அவர் வருந்தினார்.

பாட்டு யாரைப் பற்றியது என்று ரசிகர்கள் நம்பினார்களோ அது பொய் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. ஒருவருக்கென்று தைத்த சட்டை இன்னொருவருக்கு அப்படியே பொருந்தினால், அளவெடுத்தது அந்த ஆளின் உடம்பில் அல்ல. அன்று முதல் ஒவ்வொரு பாட்டையும் இப்படித்தான் கேட்கிறேன். எதிரணியின் தொப்பைக்காரர் மேல் பாடியதை அவரோடு ஒரே ஊரில் பிறந்த ஒல்லியான வீரர் மேல் பாட முடியாது. நாய்க்கறிப் பாட்டை அந்த முகம் கொண்ட எவர் மேலும் பாடலாம். எட்டாம் வரிசைச் சிறுமியின் மேலும் பாடலாம். பாடப்பட்டது.

இதற்குக் கெட்ட வார்த்தையே வேண்டியதில்லை. 2017 மார்ச்சில் டோட்டனமின் பழைய ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி நடந்தது. டோட்டனமின் தென்கொரிய வீரர் சன் ஹியுங்-மின் பந்தைத் தொட்டபோதெல்லாம் எதிரணியான மில்வாலின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் “டிவிடி, டிவிடி” என்று கத்தினார்கள். ஐந்து பவுண்டுக்கு மூன்று விற்கிறான் என்று பாடினார்கள். கிழக்காசிய முகம் என்றால் தெருவோரத்தில் திருட்டு டிவிடி விற்பவன் என்று அர்த்தமாம். மூன்றே எழுத்துகளில் ஒரு மனிதரைத் தெருவுக்கு அனுப்பிவிடலாம். சன் அன்று மூன்று கோல் அடித்தார். டோட்டனம் 6-0 என்று வென்றது. அந்தப் பதிலை மெச்சுவோர் உண்டு. எனக்கு அதில் முழு நிறைவில்லை. கோல் அடிக்காத நாளிலும் அவர் அதைக் கேட்காமல் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் சட்டம் இந்த விஷயத்தில் என் மேற்பார்வையாளரைவிடத் தெளிவாக இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றங்கள் சட்டம் நிறம், இனம், தேசியம், குடியுரிமை, பூர்வீகம் ஆகியவற்றில் எதன் காரணமாக ஒருவரை இழிவுபடுத்திக் கோஷமிட்டாலும் குற்றம் என்கிறது. முதலில் பலர் சேர்ந்து பாடினால்தான் குற்றம் என்று இருந்தது. 1999இல் திருத்தி, தனியாகக் கத்தினாலும் குற்றம் என்று ஆக்கினார்கள்.

இந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கை அண்ணன்தான் சொன்னார். போர்ட் வேல் அணியின் ரசிகர்கள் ஓல்டம் அணியின் ரசிகர்களைப் பார்த்து, உங்கள் ஊர் முழுக்கப் பாக்கிகள் என்று பாடினார்கள். நம் ஊரில் பாக்கி என்றால் மளிகைக் கடையில் கொடுக்க வேண்டிய மீதி. அங்கே அது தெற்காசிய முகம் கொண்ட எல்லோர் மேலும் எறியும் கல். நான் பாகிஸ்தானியன் அல்ல என்று விளக்கம் சொல்ல நேரம் தராத கல். என் மேலும் இரண்டு முறை விழுந்திருக்கிறது. அது வெறும் விளையாட்டுப் பாட்டு என்று கீழ்நீதிமன்றத்தில் ஆளை விடுவித்துவிட்டார்கள். 2003இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாட்டு அங்கிருந்த ஒருவரைக் குறிவைத்ததா, யாராவது புண்பட்டாரா என்று தேட வேண்டியதில்லை, அந்தச் சொல்லே இழிவு என்றது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கோயம்புத்தூரில் நான் இளநிலை படித்த கல்லூரி விடுதியில் மிசோரத்திலிருந்து வந்த ஒருவன் இருந்தான். இரவுச் சாப்பாட்டில் அவன் தட்டை எட்டிப் பார்த்து, இன்றைக்கு நாய்க்கறி இல்லையா என்று கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன், பலமுறை. அவன் சிரிப்பான். எங்களோடு கிரிக்கெட் ஆடுவான், பிறந்தநாளில் கேக் வெட்டுவான். அதனால் இது நட்பு என்றே நினைத்தோம். மூன்றாம் செமஸ்டரிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தான். ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. லண்டனில் அந்தத் தந்தை ஆடுகளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எதைப் போலிருந்தது என்று பல நாள் யோசித்தேன். அந்த மூடிய அறைக் கதவைப் போலிருந்தது.

அதனால்தான் பாடுகிறவர்களை அரக்கர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் கையே அந்தத் தட்டின் பக்கம் நீண்டிருக்கிறது. பாடுகிறவரின் உள்ளத்தில் வெறுப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினால், எந்தப் பாட்டையும் தடுக்க முடியாது. 2017இல் தங்கள் அணியின் கறுப்பின வீரர் ரொமேலு லுகாகுவுக்கு யுனைடெட் ரசிகர்கள் கட்டிய பாட்டும் பாராட்டுப் பாட்டுதான். அவருடைய அந்தரங்க உறுப்பைப் பற்றிய பாராட்டு. கறுப்பின ஆண்களைப் பற்றி நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் இழிவான கட்டுக்கதை அது என்று, கால்பந்தில் பாகுபாட்டை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பு கண்டித்தது. கிளப்பே தன் ரசிகர்களிடம் நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாம் பருவத்தில் அந்த எதிரணி மறுபடியும் வந்தது. அதே வீரர், அதே பாட்டு. இந்த முறை முதல் அடி முடிவதற்குள் வாக்கி டாக்கியை எடுத்துப் பகுதி எண்ணையும் வரிசை எண்களையும் சொன்னேன். கேமரா திரும்பியது. நான்கு பேரிடம் பேசுவதற்காக ஆட்கள் வந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் பன்னிரண்டாம் வரிசை ஓரத்து இருக்கைக்காரர்.

வெளியேற்றவில்லை, எச்சரித்து, பெயரைக் குறித்துக்கொண்டு விட்டார்கள். இடைவேளையில் அவர் என்னிடம் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“நான் இனவெறியன் என்று நினைக்கிறாயா? நீ என்னை எத்தனை நாளாகப் பார்க்கிறாய்?”

“உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை ஐயா, பாட்டைப் பற்றித்தான் சொன்னேன்” என்றேன். சொல்லும்போதே அது அவருக்குப் போதாது என்று தெரிந்தது. பேரன் சற்றுத் தள்ளி நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பருவம் முழுவதும் அவர் அதே இருக்கைக்கு வந்தார். பாட்டுகளைப் பாடினார், தொப்பைப் பாட்டு, பெனால்டிப் பாட்டு எல்லாம். அந்த ஒன்றை மறுபடியும் பாடும் சந்தர்ப்பம் வரவில்லை, ஆகையால் பாடியிருப்பாரா என்று சொல்ல முடியாது. மிட்டாய் வரவில்லை. கடைசி ஆட்டத்தன்று கூட்டம் கலையும்போது பேரன் மட்டும் திரும்பி வந்து, என் பெயரைச் சரியாக உச்சரித்து, போய் வருகிறேன் என்றான்.