எல்கார்ட்: க்ளென் கன்னிங்காமின் ஊரில்

டாட்ஜ் சிட்டியிலிருந்து 56ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்காகச் சென்றால், கான்சாஸ் மாநிலம் முடிந்து ஓக்லஹோமா தொடங்கும் எல்லையில் எல்கார்ட் என்னும் சிற்றூர் வருகிறது. வழியெங்கும் மரங்கள் அரிதான சமவெளி. தானியக் கிடங்குகளின் உயர்ந்த கோபுரங்களே அடுத்த ஊர் நெருங்குவதை அறிவிக்கின்றன. 1930களின் புழுதிப்புயல்கள் மிகக் கடுமையாகத் தாக்கிய மார்ட்டன் மாவட்டம் இது. அமெரிக்காவின் நடுத்தூர ஓட்டக்காரர்களில் நான் மிகவும் மதிக்கும் க்ளென் கன்னிங்காம் வளர்ந்த மண் என்பதற்காகவே இங்கு வந்தேன்.

அவர் 1909இல் பிறந்தவர். 1917ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தின் அடுப்பை மூட்டியபோது, மண்ணெண்ணெய் இருக்க வேண்டிய கலத்தில் பெட்ரோல் இருந்ததால் தீ வெடித்துப் பரவியது. அண்ணன் ஃபிளாய்ட் இறந்துபோனார். ஏழு வயதுச் சிறுவனான க்ளெனின் இரு கால்களும் கருகின. இடது பாதத்தின் விரல்கள் போயின. கால்களை அகற்றிவிடலாம் என்ற மருத்துவ யோசனைக்குப் பெற்றோர் இணங்கவில்லை. மீண்டும் எழுந்த பிறகு, நடந்தால் வலித்தது, ஓடினால் வலிக்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஊரிலுள்ள மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம் அவர் நினைவைப் போற்றிவருகிறது. அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தீயோடும் மீட்சியோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ, அதன்பின் ஓடுபாதையில் அவர் செய்தவையே இன்னும் பெரியவையாகத் தோன்றுகின்றன. தழும்பேறிய கால்களில் இரத்த ஓட்டம் சீராக இல்லாததால், ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு அவற்றை நீண்ட நேரம் நீவிவிட்டு, மெல்ல ஓடிப் பதப்படுத்திய பின்னரே அவரால் முழு வேகத்தில் ஓட முடிந்தது. அப்படி ஓடித்தான் 1934இல் பிரின்ஸ்டனில் ஒரு மைலை 4 நிமிடம் 6.8 விநாடிகளில் கடந்து உலகச் சாதனை படைத்தார்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கின் 1,500 மீட்டர் இறுதிப் போட்டியை வெறும் தோல்வியாக எழுதுவது அநியாயம் என்பேன். கடைசிச் சுற்றில், வழக்கமாக எல்லோரும் வேகமெடுக்கும் இடத்துக்கு வெகு முன்பே நியூசிலாந்தின் ஜாக் லவ்லாக் பாய்ந்துவிட்டார். கன்னிங்காம் விடாமல் துரத்தினார். லவ்லாக்கின் நேரம் 3 நிமிடம் 47.8 விநாடி, இரண்டாவதாக வந்த கன்னிங்காமின் நேரம் 3 நிமிடம் 48.4 விநாடி. வெள்ளிப் பதக்கம் பெற்ற அந்த ஓட்டமும் அதற்கு முந்தைய உலகச் சாதனையைவிட வேகமானது! அதே மாதம் ஸ்டாக்ஹோமில் 800 மீட்டரை 1 நிமிடம் 49.7 விநாடிகளில் ஓடி, அந்தத் தூரத்துக்கான உலகச் சாதனையைத் தமதாக்கிக்கொண்டார்.

1938இல் டார்ட்மத் கல்லூரியின் உள்ளரங்கில் அவர் மைலை ஓடிய நேரம் 4 நிமிடம் 4.4 விநாடி, திறந்தவெளியிலும் அதுவரை எவரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. 1940 ஒலிம்பிக்கைப் போர் விழுங்கியது; அந்த ஆண்டிலேயே ஓய்வு பெற்றார். பின்னர் மனைவி ரூத்துடன் கான்சாஸில் ஒரு பண்ணை அமைத்து, ஆதரவற்றும் வழிதவறியும் நின்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். 1988இல் காலமானார்.

எல்கார்ட் செல்பவர்கள் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல், ஊருக்கு வடக்கே உள்ள சிமரான் தேசியப் புல்வெளியையும் பார்க்க வேண்டும். புழுதிப்புயல் காலத்தில் பாழான வயல்களை அரசு வாங்கி, மீண்டும் புல் வளர்த்த நிலம் அது.