குதிகால் கீழே, காது முன்னே

முதல் நாள் 412 படங்கள் எடுத்தேன். கணினியில் போட்டுப் பார்த்தால் தலையில்லாத குதிரைகள், வெறும் வால்கள், மிச்சத்தில் பாதி மிகத் தெளிவான மரவேலி. கேமராவுக்கு அந்த வேலி மேல் அப்படி என்ன ஆசையோ, குதிரையை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் அதையே ஃபோகஸ் செய்திருந்தது.

அண்ணன் மகளுக்கு 11 வயது. குதிரையேற்றம் கற்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. நான் கேமரா வாங்கி இரண்டு மாதம். "அத்தை, என்னை எடுங்க" என்று அவள் கேட்டதும் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். பூவும் பூனையும் எடுத்த தைரியம்தான்.

தேறியது என்று நான் நினைத்த ஏழு படங்களை அவளிடம் காட்டினேன். முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது காலை. "இதுல என் குதிகால் மேல ஏறியிருக்கு, அழிச்சிடுங்க. இதுல கை ஒசந்திருக்கு. இது கேன்டர்ல மூணாவது அடி, குதிரை குப்புற விழற மாதிரி இருக்கு." ஏழும் போயின.

மூன்றாவது அடியா? எனக்குக் குதிரை ஓடினால் ஓட்டம், நடந்தால் நடை, அவ்வளவுதான். அவள் தரையில் கைகளால் தட்டிக் காட்டினாள். நடைக்கு நான்கு தட்டு. ட்ராட் என்கிற மெல்லோட்டத்துக்கு இரண்டு, குறுக்காக ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் சேர்ந்து விழும். அதைவிட வேகமான கேன்டருக்கு மூன்று. முதல் தட்டில் ஒரு பின்னங்கால் மட்டும் மண்ணில், முன்பக்கம் எழும்பி நிற்கும். மூன்றாவதில் பாரமெல்லாம் ஒரே முன்னங்காலில், கழுத்து தாழ்ந்துவிடும். அடுத்து ஒரு கணம் நான்கு குளம்பும் காற்றில். ஆக, "ஒன்று" விழும்போது படம் வேண்டும். என் விரல் எப்போதும் தாமதம் என்பதால், மூன்று முடிந்த உடனேயே அழுத்திவிட வேண்டும்.

அந்தக் காற்றில் இருக்கும் கணம் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821-இல் வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தில் குதிரைகள் முன்கால்களை முன்னாலும் பின்கால்களைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு பறக்கின்றன. 1878-இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி எடுத்த பிறகுதான் தெரிந்தது, நாலுகால் பாய்ச்சலில் குளம்புகள் மேலே இருக்கும்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்று. பெரிய ஓவியருக்கே தப்பியது என்று நினைத்தால் என் வேலிப் படங்கள் அவ்வளவு உறுத்தவில்லை.

இரண்டாம் முறை போனபோது ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்தேன். 1/250-இல் எடுத்த பழைய படங்களில் குளம்புகள் புகையாகக் கரைந்திருந்தன. ஃபோகஸையும் தொடர்ந்து பின்தொடரும் முறைக்கு மாற்றினேன். அப்புறம், முதல் நாள் செய்த இன்னொரு கூத்து: அகன்ற லென்ஸை வைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே கிட்டப் போய் எடுத்ததில் மூக்கு பூசணிக்காய், உடம்பு சுண்டெலி. இப்போது தள்ளி நின்று, ஜூமை 200 மி.மீ. வரை இழுத்து, கொஞ்சம் குனிந்து குதிரையின் தோள் உயரத்துக்குக் கேமராவை இறக்கி எடுக்கிறேன். கால்கள் குட்டையாவது நின்றது. முதுகு வலி தொடங்கியது.

அவள் ஏறுவது கறுப்புக் குதிரை. இருட்டு என்று நினைத்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். குதிரை சாம்பலாகி, அவளுடைய வெள்ளைச் சட்டை வெளிறிப் போகும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் கறுப்பு கறுப்பாக வருகிறது. ஆனால் ஹெல்மெட் நிழலில் அவள் கண்கள் காணாமல் போகின்றன. இதற்கு இன்னும் வழி பிடிபடவில்லை. ஃபிளாஷ் கூடவே கூடாது என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். மிரண்டால் விழப்போவது பிள்ளை. மற்றப் பிள்ளைகள் படத்துக்குள் வந்தால் அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை.

போன வாரம் 160 படங்கள்தான். தடையைத் தாண்டும் படம் ஒன்று, முன்னங்கால்கள் மடங்கி, பிடரி பறந்து, எனக்கே நம்ப முடியாத தெளிவு. அவள் பார்த்தாள். "கண்ணு கீழ பாக்குது. அடுத்த தடையைப் பாக்கணும்" என்று தள்ளினாள்.

அவள் வைத்துக்கொண்டது வேறு. சவாரி முடிந்து இறங்கி, சேணத்தின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது எடுத்தது. அவள் முதுகுதான் தெரியும், முகம் கிடையாது. நான் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துச் சரசரக்க, குதிரை இரண்டு காதுகளையும் முன்னே நிமிர்த்தி என்னையே பார்த்தது.

"இதுல அவன் நல்லா இருக்கான், அத்தை."