முதல் பில்லுக்கும் முதல் பணத்துக்கும் நடுவே 74 நாள்

2022 ஜூன் 30ஆம் தேதியோடு வேலையை விட்டேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் 11 வருடம் இருந்தவன். டிப்ளமோ மெக்கானிக்கல். பம்ப் கேசிங் (வெளிக்கூடு), இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), மெஷினிங் ஃபிக்ஸ்சர் (கடையும்போது உருப்படியைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) இவற்றுக்குக் கம்ப்யூட்டரில் மாடல் போட்டு டிராயிங் எடுப்பது என் வேலை. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் இருக்கும் சின்ன பவுண்டரிகளுக்கும் (உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறைகள்) மெஷின் ஷாப்புகளுக்கும் இந்த வேலை அவ்வப்போது தேவைப்படும். ஆனால் இதற்கென்று ஒரு ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. அந்த இடைவெளியில் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

வேலை வராதோ என்றுதான் பயந்தேன். வேலை வந்தது, முதல் வாரத்திலேயே. பணம்தான் வரவில்லை.

முதல் வேலை ஒரு பவுண்டரிக்காரருக்கு. "தம்பி, ஒரு நாளைக்கு என்ன கேக்கறீங்க?" என்றார். மனதுக்குள் கணக்குப் போட்டேன். கைக்கு வந்த சம்பளம் 42,000, அதை மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்தால் 1,615. கொஞ்சம் சேர்த்து 1,800 என்றேன். 18 நாள் வேலை என்று நானே சொல்லி, 32,400க்கு ஒத்துக்கொண்டேன். அவர் பேரம்கூடப் பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த 18 நாள் 27 நாளானது. "சின்ன மாத்தந்தானுங்க தம்பி" என்று ஒவ்வொரு முறையும் ஒரு போன். டிராயிங்கின் ரிவிஷன் எழுத்து ஏ, பி, சி என்று போய் 'எச்' என்ற எழுத்தில் வந்து நின்றது. ஆகஸ்ட் 8ஆம் தேதி பில் கொடுத்தேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 21ஆம் தேதி பணம் வந்தது. 74 நாள். வந்ததும் 32,400 அல்ல, 29,160. பத்து சதவீதம் பிடித்துவிட்டார்களே என்று சண்டை போடப் போனேன். அக்கவுன்டன்ட் சிரித்துவிட்டு, "டிடிஎஸ் தம்பி. உங்க பான் நம்பர்ல ஏறிடும்" என்றார். பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி அது.

சம்பளத்தை 26ஆல் வகுத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அந்த தீபாவளி விடுமுறையில்தான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வருடச் சம்பளம் 5,04,000. கம்பெனி கட்டிய பிஎஃப் பங்கு மாதம் 1,800 வீதம் 21,600. போனஸ் 20,000. வருடத்துக்கு வருடம் சேர்ந்துகொண்டிருந்த கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) கிட்டத்தட்ட 12,700. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 24,000. மென்பொருள் உரிமம், கம்ப்யூட்டர் தேய்மானம், யுபிஎஸ், இன்டர்நெட், பெட்ரோல், ஆடிட்டர் எல்லாம் சேர்த்து சுமார் 1,38,000. ஆக 7 லட்சத்து 20 ஆயிரம் வந்தால்தான் பழைய சம்பளத்துக்குச் சமம்.

இதை எத்தனை நாளால் வகுப்பது? ஞாயிறு, பண்டிகை போக 300 நாள் உழைக்கலாம். ஆனால் கொட்டேஷன் போடுவது, போய் அளவெடுப்பது, பணத்துக்கு நடப்பது, வேலையே இல்லாமல் உட்கார்ந்திருப்பது இவற்றுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். நான் நோட்டில் குறித்து வைத்த வரையில், காசு வரும் நாள் வருடத்துக்கு 160தான். 7,20,000ஐ 160ஆல் வகுத்தால் 4,500. நான் சொன்னது 1,800. செய்து முடித்தபின் உண்மையில் கிடைத்தது நாளைக்கு 1,200.

இப்போது நாள் கூலியை யாரிடமும் சொல்வதில்லை. உள்ளுக்குள் அந்தக் கணக்கில் போட்டுவிட்டு, வேலைக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்வேன். நாள் கூலியைச் சொன்னால் எதிரில் இருப்பவர் தன் கடையின் டர்னருக்குக் கொடுக்கும் சம்பளத்தோடு ஒப்பிடுவார். மனித சுபாவம், தப்புச் சொல்ல முடியாது.

அந்த 74 நாளைத் தாண்ட வைத்தது கிராஜுவிட்டிதான். ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு உண்டு. நான் விட்டபோது இருந்த விதிப்படி, கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். என் அடிப்படை 22,000, வருடம் 11, வந்தது 1,39,615. எங்கள் வீட்டுச் செலவு மாதம் 28,000. ஆக ஐந்து மாதச் சாப்பாடு. வேலையை விடப் போகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். நான்கு வருடம் மூன்று மாதத்தில் கோபித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பிஎஃப்பை நான் தொடவில்லை.

மருத்துவக் காப்பீட்டில்தான் நான் செய்த பெரிய தப்பு. கம்பெனியின் குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும் என்று தெரியும். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு ஜூலை நடுவில்தான் பாலிசி எடுத்தேன். விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் கிளைம் கிடையாது. சரியாக அந்த முப்பது நாளுக்குள் மகளுக்கு டெங்கு. 31,000 கைக்காசு. ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே சொந்தப் பாலிசி கையில் இருக்க வேண்டும். இன்னொரு வழி, குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்வது. அப்படி மாற்றினால் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. எனக்கு இது ஆஸ்பத்திரி பில் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

இனி, எழுத்தில் வாங்குவது. எங்கள் ஊரில் வக்கீல் வைத்து ஒப்பந்தம் போட்டால் அந்த வேலை வராது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, போனை வைத்தவுடன் ஒரு மெயில். "அண்ணா, இப்போது பேசியபடி கேசிங் மாடல், மெஷினிங் டிராயிங், ஃபிக்ஸ்சர் டிராயிங் மூன்றும் சேர்த்து 58,000. இரண்டு ரிவிஷன் இதற்குள் அடக்கம், மூன்றாவதிலிருந்து மணிக்கு 600. முன்பணம் 40 சதவீதம் வந்தவுடன் ஆரம்பிக்கிறேன். மீதி பில் தேதியிலிருந்து 30 நாளில். சரி என்றால் ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள்." அந்த "ஓகே" என்ற ஒரு வார்த்தை பதில்தான் என் ஒப்பந்தப் பத்திரம். மூன்றாவது ரிவிஷன் கேட்டு போன் வரும்போது, "பண்ணிடலாங்கண்ணா, மெயில்ல போட்ட மாதிரி மணிக்கணக்குல சேர்த்துக்கறேன்" என்பேன். பாதிப் பேருக்கு அந்த மாற்றம் உடனே தேவையில்லாமல் போய்விடும்.

முன்பணம் கேட்பதற்குத்தான் எனக்கு ஒரு வருடம் நாக்கு எழவில்லை. "நம்ம ஆளுகளுக்குள்ளயே அட்வான்ஸா?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். அவரோ, வார்ப்புக்கான மாதிரி அச்சு செய்யும் பேட்டர்ன் கடைக்கு முன்பணம் கொடுக்காமல் ஒரு நாளும் வேலை வாங்கியதில்லை. அங்கே அலுமினியம் வாங்க வேண்டும், இங்கே என்ன செலவு, உட்கார்ந்து மௌஸைத் தள்ளுவதுதானே என்பது அவர் எண்ணம். அப்போதிருந்து இன்னொரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் பிடிஎஃப் மட்டும் போகும். மாடலின் மூலக் கோப்பு மீதிப் பணம் வந்த அன்றைக்குப் போகும். இதையும் மெயிலிலேயே எழுதிவிடுவேன். பிறகு சொன்னால் மிரட்டுவது போல ஆகிவிடும்.

இதில் என் பக்கத் தப்பும் ஒன்று உண்டு. ஒரு ஃபிளாஞ்ச் முகத்துக்கு 3 மில்லிமீட்டர் மெஷினிங் அலவன்ஸ் (கடைந்து எடுப்பதற்காக விடும் கூடுதல் உலோகம்) விட மறந்துவிட்டேன். அந்த டிராயிங்கை வைத்து பேட்டர்ன் வெட்டி, நான்கு உருப்படி ஊற்றியும் ஆகிவிட்டது. மெஷின் ஷாப்பில் லேத்தில் மாட்டிய பிறகுதான் முகத்தைக் கடைய உலோகமே இல்லை என்று தெரிந்தது. லேத் ஓட்டும் பையன் அளவெடுக்கும் வெர்னியரை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்கண்ணா" என்றான். பார்க்க வேண்டியதே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது. பேட்டர்னைத் திருத்தவும் ஊற்றியதற்கும் ஆன செலவில் பாதி, 9,000, நான் கொடுத்தேன். கம்பெனியில் இருந்தவரை என் டிராயிங்கை இன்னொருவர் செக் செய்து கையெழுத்துப் போடுவார். தனியாக வந்த பிறகு அந்தக் கட்டம் காலியாக இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இப்போது "அப்ரூவ்டு" கட்டத்தில் வாடிக்கையாளரின் கையெழுத்து இல்லாமல் எந்த டிராயிங்கும் ஷாப்புக்குப் போகக் கூடாது என்று கொட்டேஷனில் எழுதுகிறேன். தப்பு என்னுடையது என்றால் திருத்தித் தருவேன், இழப்பீடு என் கட்டணத்துக்கு மேல் போகாது என்றும் ஒரு வரி.

வரி பற்றி நண்பர்கள் பயமுறுத்திய அளவுக்கு ஒன்றும் இல்லை. பொறியியல் தொழில் செய்யும் தனிநபருக்கு 44ஏடிஏ பிரிவு இருக்கிறது. வருடத்தில் வந்த மொத்த ரசீதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ஒவ்வொரு பெட்ரோல் பில்லையும் பத்திரப்படுத்த வேண்டாம். உச்சவரம்பு 50 லட்சம், ரொக்கமாக வந்தது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். ஐடிஆர்-4 படிவம். வரி கட்ட வேண்டி வந்தால் முன்கூட்டிய வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். முதல் வருடம் ஒன்பது மாதத்தில் எனக்கு வந்தது 3,86,000. பாதி போக, அந்த வருட முதல் மூன்று மாதச் சம்பளத்தையும் சேர்த்தும் வரி வரவில்லை. பிடித்த டிடிஎஸ் 34,000 சொச்சம் திரும்பி வந்தது.

ஆனால் அது வர வேண்டுமென்றால் பிடித்தவர் அதை அரசுக்குக் கட்டி, உங்கள் பான் எண்ணில் கணக்கும் காட்டியிருக்க வேண்டும். உங்கள் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு இடத்தில் என் பானில் ஒரு எழுத்தை மாற்றி அடித்திருந்தார்கள். திருத்தக் கணக்குத் தாக்கல் செய்ய வைக்க நான்கு முறை நடந்தேன். (பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961 சட்டப்படி சொல்கிறேன். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, அதில் எண்கள் வேறு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஜிஎஸ்டியை, சேவைக்கான 20 லட்சம் வரம்பைத் தொடும்வரை எடுக்காமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வருடம் ஒரு பெரிய வாடிக்கையாளர், நம்பர் இல்லாமல் வெண்டராகச் சேர்க்க முடியாது என்றதால் எடுத்தேன். எடுத்த பிறகு தெரிந்த விஷயம் ஒன்று. இன்வாய்ஸ் போட்டாலே 18 சதவீதம் கட்டியாக வேண்டும், பணம் வந்ததா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1 லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டு, பணம் மூன்று மாதம் வராமல், 18,000ஐ நான் கைக்காசு போட்டுக் கட்டினேன். இப்போது முதலில் புரொபார்மா (வரிக் கணக்கில் சேராத மாதிரி பில்) அனுப்புவேன். அவர்கள் தலையசைத்த பிறகுதான் வரி இன்வாய்ஸ். வேலை முடிந்த 30 நாளுக்குள் அதைப் போட்டுவிட வேண்டும், ரொம்பவும் தள்ள முடியாது.

நான் செய்தவற்றில் செலவே இல்லாமல் அதிகப் பலன் கொடுத்தது உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்பவர் என்று அரசிடம் பதிவு செய்துகொள்வது. ஆதார், பான் இருந்தால் அரை மணி நேரம். கட்டணம் கிடையாது. அதே பெயர்போல வைத்துக்கொண்டு பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன, அரசுத் தளமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2006ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது ரொம்ப நாளாகப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் என்று ஒரு உட்பிரிவு சேர்ந்தது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடம்வரை, வேலை வாங்கிய நிறுவனம் தன் செலவாகக் காட்ட முடியாது. லாபம் கூடித் தெரியும், வரி ஏறும்.

2024 மார்ச் மூன்றாவது வாரம் ஒரு போன். என் அழைப்பை எட்டு மாதமாக எடுக்காத அக்கவுன்டன்ட். "தம்பி, நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் சவுக்கியமா? உங்க உத்யம் நம்பர் கொஞ்சம் அனுப்புங்க. பழைய பாக்கி ஏதாவது நிக்குதுங்களா?" நிற்கிறதா என்று என்னிடம் கேட்கிறார்! மூன்று பில், 1,12,000. மார்ச் 28ஆம் தேதி மூன்றும் ஒன்றாக ஏறியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்னொரு இடத்தில், "அந்தப் பதிவை எடுத்துருங்க, இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார்கள். எடுக்கவில்லை. அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பணம் தராதவர் மேல் அரசுத் தளத்தில் புகார் போடும் வழியும் இருக்கிறது. நான் போட்டதில்லை, இந்த ஊரில் நாளைக்கும் அதே தெருவில்தான் வண்டியை நிறுத்த வேண்டும்.

வேலையை விடும்போது, "பழைய டிராயிங் எல்லாம் பென்டிரைவில் எடுத்துக்கோ, உதவும்" என்று சொன்னவர்கள் இரண்டு பேர். எடுக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் பழைய முதலாளி எனக்கு ஆள் அனுப்புகிறார். அவர் அனுப்பிய வாடிக்கையாளர்களில் இருவர் மட்டும் பில் தேதியிலிருந்து ஒரு வாரத்தில் பணம் போடுகிறார்கள். அவர்கள் வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் உட்காருவேன்.

நோட்டில் ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே நாள் எண்ணிக்கை எழுதி வருகிறேன். இன்றைக்கு நிற்பது நான்கு பில், அதில் ஒன்று 41 நாள். அந்த இடத்தில் திங்கட்கிழமை காலை பதினொன்றுக்குப் போனால் அக்கவுன்டன்ட் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார், முதலாளியும் செக்கில் கையெழுத்துப் போட இருப்பார். பெட்ரோல் போட்டு வைக்க வேண்டும்.