கலாநிதிப் படிப்பு: எப்போது, எங்கே?

இந்த டிசம்பரில் இல்லை, அடுத்த டிசம்பரில்தான் விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் இறுதித் திகதி டிசம்பரிலோ ஜனவரி முற்பகுதியிலோ வரும். விண்ணப்பத்தோடு நம் எழுத்துக்கு மாதிரியாக ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும், அதை அவசரமாக எழுதி அனுப்ப எனக்கு மனமில்லை. வரலாறு போன்ற துறைகளில் அந்தக் கட்டுரைக்குத்தான் கனம் அதிகம்.

சரி, எங்கே? நான் ஆராய விரும்புவது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத் திருகோணமலைத் துறைமுகம். பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தே வளர்ந்த எங்களுக்கு, அந்தக் கோட்டையில் இருந்தவர்கள் எழுதியதை வாசிக்கத் தெரியாது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் கொழும்புச் சுவடிக்கூடத்திலும் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் இருக்கின்றன. பழைய டச்சுக் கையெழுத்தை வாசிக்கப் பழக வேண்டும், அதனால் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம்தான் என் முதல் தெரிவு. நெதர்லாந்தில் கலாநிதி ஆய்வு பெரும்பாலும் சம்பளத்துடன் கூடிய வேலை. பதவி விளம்பரமாகும்வரை காத்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் அனுமதி கிடைப்பது ஒன்று, உதவித்தொகை கிடைப்பது வேறொன்று.

முழு நிதி கிடைக்காத இடத்துக்கு, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், போக மாட்டேன். கம்பஸில் படிக்கும் தம்பி தங்கைகளும் இதில் உறுதியாக இருங்கள். கலைத்துறை ஆய்வுக்காக வீட்டுக் காணியை ஈடு வைக்காதீர்கள்.

டச்சு மொழி படித்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், எங்கே தொடங்குவது என்று கேட்க வேண்டும்.