கொசுறு இலாகா

கணவருக்கு ஓசூரில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். மிச்ச நாளெல்லாம் மதுரை வண்டியூர் வீட்டில் நான், இரண்டே முக்கால் வயதுப் பெரியவள், எட்டு மாதச் சின்னவன். காய் வாங்க வேண்டுமென்றால் மூன்று பேரும்தான் கிளம்ப வேண்டும்.

எனக்குப் புத்தி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு நாலு மாதம் இருக்கும்போது, ஏசி இருக்கிறதே, தள்ளுவண்டி இருக்கிறதே என்று ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். போனது சாயங்காலம் ஆறு மணிக்கு. இரண்டுக்கும் பசியும் தூக்கமும் சேர்ந்து வருகிற நேரம். வண்டி நிறைய அடுக்கிக்கொண்டு பில் போடும் வரிசைக்கு வந்தால், பெரியவளின் கண்ணுக்கு நேராக சாக்லேட் அடுக்கு. வேண்டாம் என்றேன். தரையில் படுத்துவிட்டாள். அதே நேரம் பார்த்து, சின்னவனைக் கட்டியிருந்த இடத்தில் என் வயிற்றில் வெதுவெதுவென்று ஏதோ இறங்கியது. டயப்பரைத் தாண்டி வந்துவிட்டது. எனக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர். பின்னால் நின்றவர், "பிள்ளைகள வச்சுக்கிட்டு இந்த நேரத்துல எதுக்கும்மா வர்றீங்க?" என்றார். வேறெந்த நேரத்தில் இவர்களை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று கேட்கத் தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான். வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பெரியவளை இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்று ராத்திரி ரசமும் அப்பளமும்.

அதற்கப்புறம் வேலையைப் பிரித்துவிட்டேன். அரிசி, எண்ணெய், பருப்பு மாதிரி கனமானதெல்லாம் தெருமுனை அண்ணாச்சி கடை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து போட்டுவிடுவான். ரேஷன் கணவர் பொறுப்பு. குடும்ப அட்டையில் பெயர் உள்ள யார் கைரேகை வைத்தாலும் சாமான் தருவார்கள் என்பதால், ஓசூரிலிருந்து வருகிற சனிக்கிழமை அவர் போய் நிற்பார். எனக்கு மிஞ்சியது காய்கறி. காயை மட்டும் கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்க மனசு வரவில்லை.

வாரம் இரண்டு நாள், அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டில் முதன்முதலாக, 1999இல், திறந்த உழவர் சந்தை இதுதான். எனக்குப் பிடித்தது அந்தப் பெருமை இல்லை, அங்கே இருக்கிற விலைப் பலகை. அன்றைய விலையை எழுதிப் போட்டுவிடுகிறார்கள், பேரம் பேச வேண்டியதில்லை. நெஞ்சில் ஒன்று, கையில் ஒன்று என்று நிற்பவளுக்கு அதுவே பாதி நிம்மதி.

காலை ஆறு மணிக்குச் சின்னவனுக்குப் பால் கொடுத்தால் அடுத்து எட்டு வரை தாங்குவான். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட்டுத் திரும்ப வேண்டும். டவுன் பஸ்ஸில் எனக்குக் கட்டணமில்லை, ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் இல்லை. ஆக, போக்குவரத்துச் செலவு பூஜ்யம். நாத்தனார் வாங்கித் தந்த ஸ்ட்ரோலர் பரணில் கிடக்கிறது. எங்கள் தெருச் சாக்கடை மூடிகளின் மேல் அதை ஓட்டியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அதனால் சின்னவன் என் நெஞ்சோடு பெல்ட் பையில். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிய வேண்டும், முகவாய் அவன் நெஞ்சில் அமுங்கக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துத்தான் வாரை இழுப்பேன். பணம் சில்லறையாக சுடிதார் பையில் இருக்கும். ஜிபே என்று போனை எடுத்தால் அது நேராக அவன் வாய்க்குள் போய்விடும்.

பெரியவளை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. கையை உதறிவிட்டு ஓடுவாள். ஒருநாள் கீரைக்கார அப்பத்தா கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை அவள் கையில் கொடுத்து, "இந்தா, கொசுறு" என்றது. அந்த வார்த்தை அவளுக்கு அப்படிப் பிடித்துப்போனது. மறுநாள் அவளுக்கென்று ஒரு குட்டி மஞ்சப்பை தைத்துக் கொடுத்தேன். இப்போது ஒரு கையால் என் சுடிதார் நுனியைப் பிடித்திருப்பாள், இன்னொரு கையில் பை. நான் காசு கொடுத்ததும் கடைக்குக் கடை அதை விரித்து, "கொசுயு" என்பாள். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் ஓட்டம் நின்றுவிட்டது. பச்சை மிளகாயை மட்டும் என் பையில் போடச் சொல்லிவிட்டேன். ஒருதரம் அந்தக் கையால் கண்ணைக் கசக்கி, சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள்.

போன செவ்வாய்க்கிழமை முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சின்னவன் எட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ஏத்தா, அத அவனுக்குக் கொசுறா வச்சுக்க" என்று சிரித்தது கடைக்கார அம்மா. பெரியவள் ஒத்துக்கொள்ளவில்லை. கொசுறு அவள் இலாகா. தம்பி கையிலிருந்து பிடுங்கித் தன் பைக்குள் நட்டுக்கொண்டாள். அது அவள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது.

பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமே?" என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் பைக்குள் கையை விட்டு, ஒரு கறிவேப்பிலைக் கொத்தை எடுத்து நீட்டினாள்.