மூலுவுக்குப் போகிறவர்களே, மிரியில் கொஞ்சம் தங்குங்கள்

மிரிக்குப் போகிறேன் என்றதும் கிள்ளானில் இருக்கும் எங்கள் உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மூலுவுக்கா?" போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கின் வடக்கே, புருணை எல்லையை ஒட்டியிருக்கும் இந்த ஊர், மூலு குகைகளுக்கு விமானம் மாறுகிற இடம் என்ற அளவில்தான் பலருக்குத் தெரியும். இறங்குவார்கள், ஒரு தேநீர் குடிப்பார்கள், அடுத்த சிறிய விமானத்தில் ஏறிப் போய்விடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மலேசியாவின் எண்ணெய்க் கதை தொடங்கிய குன்று ஊரை ஒட்டியே நிற்கிறது, அரை மணி நேரம் காரில் போனால் உலகின் பல நாட்டு அறிவியலாளர்கள் வந்து ஆராய்ந்த காடு, இன்னும் கொஞ்சம் போனால் நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் நடமாடிய குகை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் ஓட வேண்டும்?

கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். நாம் மலேசியர்களாகவே இருந்தாலும் இங்கே குடிநுழைவுச் சோதனை உண்டு. 1963-ல் மலேசியாவில் சேர்ந்தபோது சரவாக் அந்த உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது, ஆகவே அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பெரிதல்ல. 2005 மே 20-ல் மாநகரமானது. கடற்குதிரைதான் ஊரின் சின்னம், போகிற இடமெல்லாம் கண்ணில் படும், கடற்கரையில் கலங்கரை விளக்கமே கடற்குதிரை வடிவத்தில் நிற்கிறது. வார இறுதியில் சாலையில் புருணை எண் பலகை போட்ட கார்கள் நிறைய. சாப்பிடவும் கடைக்குப் போகவும் அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

முதலில் கனடா ஹில். ஊர் மையத்திலிருந்து காரில் ஏறினால் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். மேலே மரத்தாலான ஒரு துளைக் கோபுரம் நிற்கிறது, அதுதான் மிரியின் முதல் எண்ணெய்க் கிணறு. எல்லோரும் 'கிராண்ட் ஓல்ட் லேடி' என்றுதான் சொல்கிறார்கள். 1910 ஆகஸ்ட்டில் துளையிடத் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பர் 22-ல் சுமார் 130 மீட்டர் ஆழத்தில் எண்ணெயைத் தொட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 83 பீப்பாய். இன்றைய கணக்குக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனால் அந்த 83 பீப்பாயில்தான் இந்த ஊர் எழுந்தது. அதற்கு முன் மிரி ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கிராமம், அவ்வளவுதான்.

அதற்கும் முந்தைய கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. இங்கே எண்ணெய் இருக்கிறது என்பதை வெள்ளைக்காரர்கள் வந்து கண்டுபிடிக்கவில்லை. தரையில் தானாகக் கசிந்து வந்த எண்ணெயை ஊர்மக்கள் கையால் குழி தோண்டி எடுத்து, விளக்கெரிக்கவும் படகின் இடுக்குகளை அடைக்கவும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பாராம் பகுதியின் நிர்வாக அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ஹோஸ் அந்தக் கசிவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்தார். சரவாக்கை அப்போது ஆண்ட ராஜா சார்ல்ஸ் புரூக் 1909-ல் ஷெல் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தார். அப்புறம் வந்த சுவிஸ் நிலவியலாளர் எர்ப்தான் இந்தக் குன்றைக் கை காட்டினார். இங்கே மண்ணுக்கடியில் பாறை அடுக்குகள் மேல்நோக்கி வளைந்து கிடக்கின்றன, கீழிருந்து ஏறி வரும் எண்ணெய் அந்த வளைவுக்குள் மாட்டிக்கொண்டு தேங்கிவிடும். பக்கத்திலேயே இருக்கும் பெட்ரோலிய அருங்காட்சியகத்தில் இதையெல்லாம் படங்களோடு பார்க்கலாம், பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடாதீர்கள். படம் போதாது, பாறையையே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு விமான நிலையச் சாலையோரம் ஓர் இடம் இருக்கிறது. குன்றை வெட்டிய இடத்தில் மணற்கல் அடுக்குகள் சாய்ந்தும் உடைந்தும் விலகியும் அப்படியே வெளியே தெரிகின்றன. நிலவியல் படிக்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வரும் இடம். சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் வருவதற்கு முன்பே, எண்ணெய் அவர்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் கிணறுகளையும் லுத்தோங் சுத்திகரிப்பு ஆலையையும் தாங்களே முடக்கினார்கள். அதையும் தாண்டி இந்த முதல் கிணறு 1972 அக்டோபர் வரை ஓடியிருக்கிறது, மொத்தம் ஆறரை லட்சம் பீப்பாய்க்கும் மேல். இப்போது எண்ணெய் எடுப்பது பெரும்பாலும் கடலில்தான். மாலையில் குன்றின் ஓரத்தில் நின்றால் கீழே ஊர், அதற்கப்பால் தென் சீனக் கடல், சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்குவதைக் காணலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தாமு முகிப்பா சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மேட்டுநில ஊர்களிலிருந்து வரும் பொருள்களோடு ஓராங் உலு என்ற உள்நாட்டுப் பழங்குடிப் பெண்கள் கடை போட்டிருப்பார்கள். பாரியோ அரிசி, மலையில் காய்ச்சிய உப்பு, நாம் பேர்கூடக் கேட்டிராத கீரைகள், பழங்கள். மிடின் என்கிற காட்டுப் பெரணியைப் பூண்டோ பெலாச்சான் என்னும் இறால் விழுதோ போட்டு வதக்கித் தருவார்கள், வெந்த பிறகும் நறுக்கென்று இருக்கும், நான் வேளைக்கு வேளை அதையே கேட்டேன். சரவாக் லக்சா என்னும் நூடுல்ஸ் சூப்பு நம் பினாங்கு லக்சா போலப் புளிக்காது, தேங்காய்ப்பாலும் இறால் சாறும் சேர்ந்த வேறொரு சுவை. இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடத் தேவையில்லை.

லம்பீர் மலைத் தேசியப் பூங்கா மிரியிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். நெடுஞ்சாலையோரமே வாசல். பரப்பளவு எழுபது சதுர கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அதற்குள் ஆய்வுக்காக அளந்து வைத்திருக்கும் 52 ஹெக்டேரில் மட்டும் ஏறக்குறைய 1,200 மர வகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், காடு வேறு மாதிரித் தெரியும். அடுத்தடுத்து நிற்கும் மரங்களில் பட்டை ஒன்றுபோல இல்லை, இலை ஒன்றுபோல இல்லை. லாத்தாக் அருவிக்கு இருபது நிமிட நடைதான், அடியில் குளம், வார இறுதியில் உள்ளூர்ப் பிள்ளைகளின் சத்தத்தில் காடே அதிரும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காட்டைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள் நெருக்கி நிற்கின்றன, வேட்டையும் பல காலம் நடந்திருக்கிறது. இருவாச்சிகளையும் குரங்குகளையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மரங்கள் நிற்கின்றன, அவற்றின் பழத்தைத் தின்று விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடும் பெரிய பறவைகளும் விலங்குகளும் வெகுவாகக் குறைந்துவிட்டன. எனக்கு அந்த அமைதி மிகவும் கஷ்டமாக இருந்தது.

நியா குகைகளுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மிரியிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, படகில் நியா ஆற்றைக் கடந்து, அந்தப் பக்கம் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். பெரும்பாலும் பலகைப் பாதைதான், ஆனால் மழை பெய்தால் பாசி வழுக்கும், நல்ல காலணி இல்லாமல் போகாதீர்கள். முதலில் வருவது வணிகர் குகை. சாப்பிடப் பயன்படும் பறவைக்கூடு வாங்க வந்தவர்கள் தங்கிய குடில்களின் மரச்சட்டங்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. அதைத் தாண்டிப் படியேறினால் பெருங்குகையின் மேற்கு வாய். அறுபது மீட்டர் உயரம், இருநூற்றைம்பது மீட்டர் அகலம் என்று முன்பே படித்திருந்தேன், ஆனாலும் நேரில் பார்த்ததும் பேச்சே வரவில்லை. உள்ளே தூரத்தில் நடந்துகொண்டிருந்தவர்களைக் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருந்தது.

இந்த வாயிலில்தான் 1958-ல் தொல்லியலாளர்கள் டாம் ஹாரிசன், பார்பரா ஹாரிசன் குழுவினர் ஒரு மனித மண்டையோட்டைத் தோண்டி எடுத்தார்கள். வயது சுமார் நாற்பதாயிரம் ஆண்டுகள். தோண்டிய இடம் வேலி போட்டு அப்படியே இருக்கிறது. அது ஓர் இளைஞனுடையது என்று நெடுங்காலம் நம்பினார்கள், 2016-ல் வந்த மறு ஆய்வு அது வயதான ஒரு பெண்ணுடையதாக இருக்கலாம் என்றது. அந்த வேலியருகே நான் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். 2024-ல் யுனெஸ்கோ நியா குகைகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இவ்வளவு தாமதமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

உள்ளே போகப் போக இருட்டு, கைவிளக்கு கட்டாயம். பறவை, வௌவால் எச்சத்தின் காரமான வாடை மூக்கைத் துளைக்கும், கைப்பிடியைப் பிடித்தால் கையெல்லாம் பிசுபிசுக்கும், பரவாயில்லை, பழகிவிடும். தலைக்கு மேல் உழவாரன் குருவிகள் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பிக்கொண்டே பறக்கின்றன, அந்த எதிரொலியை வைத்துத்தான் இருட்டில் வழி கண்டுபிடிக்கின்றன. அவற்றின் கூட்டுக்காகக் கூரையிலிருந்து தொங்கும் நீண்ட கழிகளில் மனிதர்கள் ஏறுகிறார்கள். கழியை அண்ணாந்து பார்த்தாலே எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பக்கம் வெளியே வந்தால் ஓவியக் குகை, சுவரில் சிவப்பு நிறத்தில் படகுகளும் மனித உருவங்களும். படகு வடிவச் சவப்பெட்டிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. நிறம் மங்கிவிட்டது, வேலிக்கு வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், பொறுமையாக நின்று கண்ணைப் பழக்கினால் படகுகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

கடற்கரைச் சாலையில் துசான் பாறைகளும் உண்டு. குதிரை குனிந்து நீர் குடிப்பதுபோல் நின்ற பாறை 2020-ல் இடிந்து விழுந்துவிட்டது, பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள். சில இரவுகளில் அங்கே அலை நீல நிறமாக ஒளிரும் என்கிறார்கள், நான் போன இரவு ஒளிரவில்லை.

சரி, மூலு. வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசியம் போங்கள். சாலை கிடையாது, மிரியிலிருந்து சிறிய விமானத்தில் அரை மணி நேரம், இருக்கைகள் குறைவு, ஆகவே முன்பே எடுத்துவிடுங்கள். மான் குகையிலிருந்து மாலையில் வௌவால்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறும், லட்சக்கணக்கில், வானத்தில் வளைந்து நெளிந்து போய்க்கொண்டே இருக்கும். மழை பெய்தால் வராது. அதனால் மூலுவில் குறைந்தது இரண்டு மாலையாவது கையில் வைத்திருங்கள். கிளியர்வாட்டர் குகைக்கு நீள்படகில் மெலினாவ் ஆற்றில் போகலாம், இதுவரை அளந்த நீளமே இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

நியாவுக்கும் லம்பீருக்கும் வாடகைக் கார் எடுப்பது நல்லது, ஊருக்குள் செயலியில் அழைக்கும் கிராப் கார் போதும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை அதிகம். மூலு விமானத்துக்கு முன்னால் மூன்று நாள் மிரிக்கு ஒதுக்கினால் நான் சொன்ன எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.