சாய்ந்த பக்கம் உயரம் இல்லை: ஓ.எல் பரப்பளவுக் கணக்கில் நான் விட்ட பிழைகள்

முதல் தடவை ஓ.எல் (க.பொ.த சாதாரண தரப் பரீட்சை) எடுத்தபோது கணிதத்துக்கு எனக்கு வந்தது டபிள்யூ, அதாவது சித்தியில்லை. மற்றப் பாடங்களில் தப்பிவிட்டேன். வீட்டில் ஒருவரும் ஏசவில்லை, அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த தடவை பி எடுத்தேன். இடையில் படித்ததில் பரப்பளவை மட்டும் இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சியில் இப்போது நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளும் அதே இடத்தில்தான் புள்ளியை விடுகிறார்கள்.

நான் போன ரியூசனில் சூத்திரங்களைக் கரும்பலகையில் பெட்டி கட்டி எழுதிப் போடுவார்கள். செவ்வகம், முக்கோணி, இணைகரம், சரிவகம், வட்டம், ஆரைச்சிறை (வட்டத்தில் இரண்டு ஆரைகளுக்கு இடையில் உள்ள துண்டு). நானும் பாடமாக்கினேன். பிறகு படத்தைக் கண்டதும் கண்ணில் பட்ட இரண்டு எண்களைப் பெருக்கிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். அடி 10, சாய்ந்த பக்கம் 8, செங்குத்துயரம் 6 என்று ஓர் இணைகரம் தந்தால் என் விடை 80. சரியான விடை 60.

இந்தப் பிழையை நிறுத்தியது விளக்குமாற்றில் இருந்து உருவிய நாலு ஈர்க்கு. 10 சென்ரிமீற்றரில் இரண்டு, 8 இல் இரண்டு வெட்டி, மூலைகளை நூலால் கட்டினேன். நிமிர்த்திப் பிடித்தால் செவ்வகம், பரப்பளவு 80. மேல் ஈர்க்கை ஒரு பக்கமாகத் தள்ளத் தள்ள அது சரிந்து இணைகரமாகிறது. ஈர்க்குகளின் நீளம் மாறவில்லை, சுற்றளவு அதே 36தான். ஆனால் உள்ளே இருக்கும் இடம் ஒடுங்கிக்கொண்டே போகிறது. முழுதாகச் சரித்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. பக்கம் 8 ஆகவே இருக்க இடம் எங்கே போனது? உயரம் இறங்கிவிட்டது. அன்றைக்குப் பிறகு எந்தப் படத்திலும் முதலில் அந்தச் சின்னச் செங்கோணக் குறியைத்தான் தேடுவேன்.

முக்கோணி அந்த இணைகரத்தில் பாதி. சரிவகத்துக்கு எங்கள் பக்கத்தில் குளக்கட்டை நினைத்தால் போதும். கட்டைக் குறுக்கே வெட்டினால் மேலே ஒடுக்கம், கீழே அகலம். மேல் 3 மீற்றர், கீழ் 11 மீற்றர், உயரம் 2 மீற்றர் என்றால் 3ஐயும் 11ஐயும் கூட்டி, பாதியாக்கி, 2ஆல் பெருக்க 14 சதுர மீற்றர். கட்டின் சரிவில் ஏறி நடக்கும் தூரம் இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

வட்டக்கச்சியில் மாமா ஒரு வயல் துண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பெரும்போக உழவுக்கு முன் அளக்க வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "பிள்ளை, உந்தக் கயிற்றின்ரை நுனியைப் பிடி." வரம்பு வழியே அளந்தால் நாலு பக்கங்கள் வரிசையாக 25, 60, 52, 39 மீற்றர். மாமாவின் முறை, எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவது. 25உம் 52உம் சேர்ந்து சராசரி 38.5, 60உம் 39உம் சேர்ந்து 49.5. பெருக்கினால் 1905.75 சதுர மீற்றர்.

எனக்கு ஈர்க்குச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. நாலு பக்கத்தை மட்டும் வைத்து இடத்தைச் சொல்ல முடியாதே! மூலைக்கு மூலை கயிறு பிடித்தோம், 65 மீற்றர். இனி இரண்டு முக்கோணிகள். 25, 60, 65 ஒன்று. 39, 52, 65 மற்றது. பைதகரஸ் போட்டுப் பார்த்தால் இரண்டும் செங்கோண முக்கோணிகள். (நல்ல அதிர்ஷ்டம். இல்லையென்றால் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக இன்னொரு தடவை கயிறு பிடித்திருக்க வேண்டும்.) 750உம் 1014உம் சேர்த்து 1764 சதுர மீற்றர். மாமாவின் கணக்கு ஏறக்குறைய 142 சதுர மீற்றர் கூட. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர், அப்படியென்றால் ஐந்தரைப் பேர்ச்சுக்கு மேல் இல்லாத நிலம். செவ்வகம் தவிர்ந்த எந்த நாற்பக்கத் துண்டிலும் அந்த முறை கூட்டித்தான் காட்டும், ஒருபோதும் குறையாது. குத்தகை கட்டுகிறவருக்கு அது நட்டம். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன வருசத்தையும் பார்க்கவேணும்" என்றார்.

சரி, பரீட்சைக்கு வருவோம். கணிதம் முதலாம் பத்திரத்தின் பகுதி பியில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. செவ்வகத்தோடு ஆரைச்சிறையை ஒட்டிய உரு அங்கே வந்தால் விடாதீர்கள். ஆரை 7, கோணம் 90 பாகை என்றால் வில்லின் நீளம் 11. தனி ஆரைச்சிறையின் சுற்றளவு கேட்டால் இரண்டு ஆரைகளையும் சேர்த்து 25. அதையே செவ்வகத்தோடு ஒட்டினால், ஒட்டிய கோடு உள்ளே போய்விடும், சுற்றளவில் எண்ணக்கூடாது. பரப்பளவுக்கு இந்தத் தலையிடி இல்லை, கூட்டினால் அல்லது கழித்தால் போதும்.

கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. ஆகவே வட்டக் கணக்கில் π-க்குப் போடும் 22/7இல், 22ஐ 7ஆல் வகுத்துத் தசமத்தில் மாட்டிக்கொள்ளாமல், முதலில் வெட்டுங்கள். ஏழு வெட்டுப்படவில்லை என்றால் ஒரு தரம் படத்தைத் திரும்பப் பாருங்கள், பெரும்பாலும் எண்ணை மாறி எடுத்திருப்பீர்கள். வெட்டுப்பட்டாலும் விட்டத்தை ஆரையாகப் போட்டிருக்கலாம். விட்டம் 14 உள்ள வட்டத்தின் பரப்பளவு 154, பதினான்கையே ஆரையாகப் போட்டால் 616. ஒரு சதுர மீற்றருக்கு 10,000 சதுர சென்ரிமீற்றர், நூறு இல்லை. இதில் நான் மூன்று தரம் விழுந்திருக்கிறேன்.

ஆரைச்சிறை எனக்குப் பிடிபட்டது எங்கள் வீட்டு மாட்டால். கொட்டிலின் வெளி மூலையில் 7 மீற்றர் கயிற்றில் கட்டியிருந்தோம். கொட்டிலின் பக்கங்கள் கயிற்றைவிட நீளம், ஆகவே மாடு மேய்வது வட்டத்தில் முக்கால் பங்கு: 115.5 சதுர மீற்றர். அம்மம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அங்காலை பூசணி நட்டிருக்கு, கயிற்றைக் கட்டையாக்கு" என்றார். பாதியாக்கினேன். மேய்ச்சல் பாதியாகவில்லை, கால்வாசி ஆகிவிட்டது, 28.875 சதுர மீற்றர். பின்னேரம் நாலு மணிக்கே மாடு கத்தத் தொடங்கியது.